நோயேட்டுக்குச் சங்கிலி பூட்டலாமா?

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

இது விஞ்ஞான யுகம். நேற்று வியந்து பார்த்த கருவி இன்று பரணில் கிடக்கிறது. இன்று வியப்பது நாளை எங்கே கிடக்குமோ, யாரறிவார்? புதிதாக ஒன்று பிறந்தவுடன் அதுவே சர்வரோக நிவாரணி என்று பறைசாற்றுவோர் எக்காலத்திலும் உண்டு. அப்படிப் பறைசாற்றப்பட்டவற்றுள் ஒன்று ‘பிளாக்செயின்’. முதலில் பணத்திற்கென்று வந்தது. பின்பு நிலப்பத்திரத்திற்கு ஆகும் என்றனர்; மதிப்பெண் சான்றிதழுக்கு ஆகும் என்றனர்; இப்போது ஆஸ்பத்திரி வாசலிலும் வந்து நிற்கிறது. நோயாளியைப் பற்றிய குறிப்புகளை இதில் ஏற்றிவிட்டால் யாரும் திருத்த முடியாது, அவை தொலைந்து போகமாட்டா, எவரும் களவாடவும் முடியாது என்று மூன்று வாக்குறுதிகள் தரப்படுகின்றன. இம்மூன்றில் முதலாவது பெரும்பாலும் உண்மை. இரண்டாவது பாதி உண்மை. மூன்றாவதை நாங்கள் நம்பவில்லை. அது மட்டுமன்று, முதலாவது உண்மையாயிருப்பதே சில வேளைகளில் ஆபத்து என்பது எங்கள் கருத்து.

பிளாக்செயின் என்பது யாது? பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. எங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். அது ஆசிரியையின் மேசையில் ஒன்றே ஒன்றாக இருக்கும் வரை, இடைவேளையில் ஒருத்தி வந்து ‘இல்லை’ என்பதை ‘உண்டு’ என்று மாற்றிவிடலாம். (மாற்றுவோம் என்று சொல்லவில்லை; மாற்றலாம் என்றே சொல்கிறோம்.) அதே பதிவேட்டின் படி நாற்பது மாணவியரிடமும் இருந்தால்? ஒருத்தி மாற்றினால் மற்ற முப்பத்தொன்பது பேரும் காட்டிக்கொடுத்துவிடுவார்கள். இதனுடன் இன்னொரு தந்திரமும் சேர்கிறது. ஒரு பக்கத்தில் உள்ள எல்லா எழுத்துக்களையும் கணிப்பொறி ஒரு கணக்கில் இட்டு, நீண்ட எண் ஒன்றைத் தரும். அது அந்தப் பக்கத்தின் கைரேகை. ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை முற்றிலும் வேறாகிவிடும். அந்த எண்ணை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதி, அப்பக்கத்தின் கைரேகையை அதற்கடுத்த பக்கத்தில் எழுதி, இப்படியே கோத்துக்கொண்டு போனால் பக்கங்கள் ஒரு சங்கிலியாகிவிடும். நடுவில் ஒரு கண்ணியைத் தொட்டால் பின்னால் உள்ள அத்தனையும் குலுங்கும். ஆகவே இதனை ஏட்டுச் சங்கிலி என்று அழைப்பதே எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

இந்த எண்ணத்தை ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டார்னெட்டா என்னும் இருவர் 1991-ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தனர். 1995 முதல் அவர்களுடைய நிறுவனம் தன் ஏட்டின் கைரேகையை நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வாரந்தோறும் சிறு விளம்பரமாக வெளியிட்டு வந்தது. அச்சிட்டு வீடுவீடாகப் போய்விட்ட செய்தித்தாளை யாரால் மாற்ற முடியும்! என்ன எளிய யோசனை! 2008-இல் சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் எவரோ எழுதிய கட்டுரையிலிருந்துதான் பிட்காயின் பணமும், அதன் வழியாக இச்சங்கிலியின் புகழும் பரவின.

ஆஸ்பத்திரிகளுக்கு இதன்மேல் ஆசை வந்ததில் வியப்பில்லை. நம் வீட்டுப் பாட்டிமார் டாக்டரிடம் போகும்போது கையில் ஒரு மஞ்சள் பை இருக்கும். அதற்குள் பத்தாண்டுச் சீட்டுகள், எக்ஸ்ரே உறைகள், மங்கிப்போன இ.சி.ஜி. தாள்கள். பை தொலைந்தால் பாட்டியின் உடம்புச் சரித்திரமே தொலைந்தது. சரி, எல்லாவற்றையும் கணிப்பொறியில் ஏற்றிவிட்டால் போதுமா? 2017 மே 12-ஆம் நாள் ‘வான்னாக்ரை’ என்ற நச்சு நிரல் இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளின் கணிப்பொறிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. ஏறத்தாழ 19,000 முன்பதிவுகள் ரத்தாகியிருக்கும் என்று அந்நாட்டுத் தணிக்கைத் துறை மதிப்பிட்டது. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்கும் இவ்வகைத் தாக்குதல் நேர்ந்து, பல நாட்கள் அங்கே எல்லாவற்றையும் கையாலேயே எழுத வேண்டியதாயிற்று. பலவிடத்தில் படி இருக்கும் சங்கிலி இத்தகைய நாளில் ஓரளவு உதவும். ஆனால் நோயாளியின் முன் இருக்கும் கணிப்பொறியே செத்துக் கிடந்தால், தூரத்தில் எத்தனை படிகள் பத்திரமாக இருந்தென்ன? டாக்டருக்கு அது ஏட்டுச் சுரைக்காய்தான்.

மருத்துவத்தில் இந்தக் கைரேகைச் சங்கிலியை நாடளாவப் பயன்படுத்திய நாடு எஸ்டோனியா. பால்டிக் கடலோரத்தில் உள்ள சின்னஞ்சிறு நாடு. மக்கள்தொகை ஏறத்தாழ 13 லட்சமே. நம் சென்னை மாநகரில் அதைப்போலப் பல மடங்கு மக்கள். 1991-இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுதலை பெற்ற அந்நாடு, அலுவலகக் காகிதங்களைக் குறைத்துக் கணிப்பொறியை நம்பி வளர்ந்தது. 2007-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் வங்கிகள், செய்தித்தாள்கள், அரசு அலுவலகங்கள் ஆகியவற்றின் கணிப்பொறிகள் வெளியிலிருந்து தாக்கப்பட்டு முடங்கின. அந்த அடி அவர்களுக்குப் பெரிய பாடமாயிற்று. 2008-இல் நாடு முழுமைக்குமான மருத்துவத் தகவல் அமைப்பு தொடங்கப்பட்டது. 2010-இல் மருந்துச் சீட்டுகளும் கணிப்பொறிக்கு மாறின. 2016-இல் கார்ட்டைம் என்ற அந்நாட்டு நிறுவனத்தின் சங்கிலி முறை, பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோரின் மருத்துவக் குறிப்புகளுக்குக் காவலாக ஏற்கப்பட்டது.

இங்கே ஒரு செய்தியை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம். ‘எஸ்டோனியா தன் மக்களின் நோய்க்குறிப்புகளைப் பிளாக்செயினில் வைத்திருக்கிறது’ என்று பலரும் சொல்கிறார்கள். அது தவறு. குறிப்புகள் சாதாரணத் தகவல் கிடங்குகளிலேயே இருக்கின்றன. சங்கிலியில் இருப்பது அவற்றின் கைரேகை மட்டுமே. கைரேகையைப் பார்த்து ஒருவருக்குச் சர்க்கரை நோயா, காசமா என்று கண்டுபிடிக்க முடியாது. கிடங்கில் உள்ள குறிப்பை யாரேனும் கள்ளத்தனமாக மாற்றினார்களா என்பதை மட்டும் கண்டுபிடிக்கலாம். ‘இது பிளாக்செயினே அன்று’ என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. பெயரைப் பற்றிய அச்சண்டையை அவர்களுக்கே விட்டுவிடுவோம்.

எங்களை மிகவும் கவர்ந்தது வேறொன்று. எஸ்டோனியக் குடிமகள் ஒருத்தி தன் அடையாள அட்டையைக் கொண்டு தன் நோயேட்டைத் திறந்து பார்க்கலாம். அதைத் தனக்கு முன் யார் யார், எந்த நாளில் திறந்து பார்த்தார்கள் என்பதையும் பார்க்கலாம்! தனக்கு வைத்தியம் பார்க்காத டாக்டர் எவரேனும் எட்டிப் பார்த்திருந்தால் ‘ஏன் பார்த்தீர்கள்?’ என்று முறையிடலாம். குறிப்பிட்ட ஒரு குறிப்பை மற்ற மருத்துவர்கள் பாராதபடி மூடிவைக்கவும் அவளுக்கு உரிமை உண்டு. நம் மஞ்சள் பையில் இந்த வசதி கிடையாது. அதை யார் திறந்தாலும் அது வாய் திறந்து சொல்லாது.

குறிப்புகளை ஏன் சங்கிலியிலேயே வைக்கவில்லை? முதற்காரணம் எளிது: இடம் போதாது. பிட்காயின் சங்கிலியில் ஏறத்தாழப் பத்து நிமிடத்திற்கு ஒரு பக்கமே சேரும். அப்பக்கத்தின் கொள்ளளவும் சில மெகாபைட்தான். ஒரே ஒரு சி.டி. ஸ்கேனில் நூற்றுக்கணக்கான படங்கள் உண்டு. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஒருநாள் படங்களை அத்தகைய சங்கிலியில் ஏற்ற முயல்வது கடலைக் குடத்தில் அடைக்கும் கதைதான். விரைவான வேறு சங்கிலிகள் வந்துள்ளன. ஆயினும் அதே படத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு படி வைத்துக்கொள்ளும் செலவை யார் தாங்குவது?

இரண்டாம் காரணம் இதைவிடப் பெரியது. அழிக்க முடியாத ஏடு என்பது கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் அழியாமல் வைக்கத்தான் வேண்டுமா?

தொழுநோயை நினைத்துப் பாருங்கள். அந்நோய்க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலகச் சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்தது. ஆறு மாதமோ ஓராண்டோ முறையாக மருந்து உண்டால் நோய் முற்றிலும் தீர்ந்துவிடும். ஆனால் நம் நாட்டில் தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்குக் கேட்க 2019 வரை சட்டம் இடந்தந்தது. கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டத்திலும், இந்துத் திருமணச் சட்டத்திலும், வேறு சட்டங்களிலும் இருந்த அவ்விதி அவ்வாண்டில்தான் நீக்கப்பட்டது. கிருமி உடலை விட்டுப் போன பின்பும், சொல் சட்டப் புத்தகத்தை விட்டுப் போகப் பல்லாண்டுகளாயின! வலிப்பு நோயும் அவ்வாறே. இந்துத் திருமணச் சட்டத்திலிருந்து அச்சொல் அகன்றது 1999-இல். சட்டத்திலிருந்து அகன்றது, பெண் பார்க்க வருவோரின் மனத்திலிருந்து அகன்றதா என்பதைப் பெற்றோர்களாகிய நீங்களே அறிவீர்கள். பத்து வயதில் இரண்டு முறை வலிப்பு வந்து, பிறகு வராமலே போன ஒரு சிறுமியின் பெயருக்கு எதிரே அச்சொல் அழியாத சங்கிலியில், பல படிகளாக, பல கைகளில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு இருபத்தைந்து வயதாகும்போது அதை யார் படிப்பார்கள்? எதற்காகப் படிப்பார்கள்?

‘இரகசிய எழுத்தாக மாற்றித்தானே வைக்கப் போகிறோம்?’ என்பர். இன்று போட்ட பூட்டை முப்பது ஆண்டுகள் கழித்து எவரும் உடைக்கமாட்டார் என்று உறுதி கூற இயலுமா? சாதாரணக் கிடங்கானால் பூட்டை மாற்றிப் போடலாம். பலரிடம் பரவிவிட்ட படிகளை யார் போய்த் திரும்ப வாங்கி வருவது? களவாட முடியாது என்ற மூன்றாம் வாக்குறுதியை நாங்கள் நம்பாததற்கு இதுவே காரணம். நாற்பது பேரிடம் இருக்கும் பொருளைக் காக்க நாற்பது வீட்டுக் கதவும் உறுதியாயிருக்க வேண்டும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தகவல் பாதுகாப்புச் சட்டம், தவறான தகவலைத் திருத்தவும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு அழிக்கவும் கோரும் உரிமையைத் தந்திருக்கிறது. 2023-இல் நம் நாடாளுமன்றம் இயற்றிய தகவல் பாதுகாப்புச் சட்டத்திலும் திருத்துவதற்கும் அழிப்பதற்குமான உரிமைகள் இடம்பெற்றுள்ளன. ‘அழி’ என்கிறது சட்டம். ‘என்னால் முடியாது’ என்கிறது சங்கிலி. இவ்விரண்டும் ஒரே ஆஸ்பத்திரியில் எப்படிக் குடித்தனம் நடத்தும்?

இனி, எழுதுகிற கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் பெயரோடு ‘மேரி’ ஒட்டியவர்கள் மட்டும் ஏழு பேர். வருகை கூப்பிடும்போது நடக்கும் வேடிக்கையை வேறோர் ஆண்டு மலருக்கு வைத்துக்கொள்வோம். அவர்களுள் ஒருத்தியின் பாட்டியாரும் மேரிதான். ஒரு மருத்துவமனையில் அதே பெயரும், அதே தலைப்பெழுத்தும், ஏறக்குறைய அதே வயதும் உடைய இன்னொரு மேரியம்மாளின் ‘பென்சிலின் ஒவ்வாது’ என்ற குறிப்பு இவருடைய அட்டையில் ஏறிவிட்டது. இரண்டாண்டுகள் எந்த டாக்டரிடம் போனாலும் அந்தச் சிவப்பு மை வரியைப் பார்த்துவிட்டு வேறு மருந்து எழுதினர். ‘எனக்கு அப்படியொன்றும் இல்லையே, ஐயா’ என்று பாட்டியார் சொன்னால், ‘அட்டையில் இருக்கிறதே, அம்மா’ என்பார்களாம். இதே பிழை எதிர்த்திசையில் நடந்து, ஒவ்வாமை உள்ள மேரியம்மாளின் அட்டை வெறுமையாக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும்!

சங்கிலி இப்பிழையைத் தடுக்குமா? தடுக்காது. பிழையை மிகப் பத்திரமாகக் காப்பாற்றும். சங்கிலியில் இருப்பது பொய்யாகாது என்று வேறு எல்லோரும் நம்பத் தொடங்குவார்கள். பிறகு பாட்டியாரின் பேச்சை யார் கேட்பார்கள்? நியாயமாகப் பேசினால், நல்ல மருத்துவரும் செவிலியரும் காகிதத்திலும் தவறான வரியைச் சுரண்டி அழிப்பதில்லை. ஒரு கோடு கிழித்து, சரியானதை எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிடுவர். சங்கிலியிலும் அவ்வாறே திருத்தக் குறிப்பு ஒன்றைப் பின்னால் சேர்க்கலாம். மருந்து பற்றிய பிழைக்கு அது போதும். மானத்தைப் பற்றிய பிழைக்கு அது போதாது.

மருந்துக் கடைக்கும் இந்தக் கதை பொருந்தும். வருவாய் குறைந்த நாடுகளிலும் நடுத்தர வருவாய் நாடுகளிலும் மருந்துப் பொருள்களில் பத்தில் ஒன்று தரக்குறைவானது அல்லது போலி என்று உலகச் சுகாதார நிறுவனம் 2017-இல் மதிப்பிட்டது. தொழிற்சாலையிலிருந்து கடை வரை பெட்டி கடந்த பாதையைச் சங்கிலியில் பதித்தால் போலியைப் பிடிக்கலாம் என்று அமெரிக்காவில் மருந்து நிறுவனங்கள் சில முயன்று பார்த்துள்ளன. நல்ல முயற்சி, குறை கூற மாட்டோம். எனினும் சங்கிலிக்குத் தெரிவது பெட்டியின் மேலுள்ள குறியீடுதான். பெட்டிக்குள் இருக்கும் மாத்திரையை அது தின்று பார்க்கவா போகிறது?

திறவுகோல் யார் கையில் என்பதுதான் எங்களைப் போன்ற பெண்களுக்கு எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. ‘நோயேட்டின் சாவி நோயாளியிடமே இருக்கும், அவர் சம்மதித்தால்தான் திறக்கும்’ என்று பெருமையாகச் சொல்கிறார்கள். விபத்தில் நினைவிழந்து கிடப்பவர் எப்படிச் சம்மதிப்பார்? பிட்காயின் சாவியைத் தொலைத்தவர்களுக்குப் பணம் என்றென்றைக்குமாகப் போயிற்று. நோயேட்டின் சாவியைத் தொலைத்தால்? தொலையாது என்ற இரண்டாம் வாக்குறுதி பாதி உண்மைதான் என்று சொன்னது இதனால்தான். எஸ்டோனியாவிலும் சாவிக்கே சோதனை வந்தது. 2017-இல் அந்நாட்டு அடையாள அட்டையின் சில்லில் ஒரு பலவீனம் கண்டுபிடிக்கப்பட்டு, ஏறத்தாழ 7,60,000 அட்டைகளின் சான்றுகளைப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. சங்கிலியில் குற்றமில்லை, கதவுச் சாவியில் குற்றம்.

நம் வீடுகளில் நடப்பதையும் சற்று எண்ணிப் பாருங்கள். வீட்டுக்கு ஒரு நல்ல கைப்பேசி என்றால் அது பெரும்பாலும் அப்பாவிடமோ அண்ணனிடமோ இருக்கும். சம்மதம் கேட்டு வரும் இரகசிய எண் அவர்கள் கைப்பேசிக்கே போகும். அம்மாவின் நோயேட்டைத் திறக்க அம்மாவுக்குத் தெரியாமலே சம்மதம் தரப்படலாம். கெட்ட எண்ணம் என்று சொல்லவில்லை, பழக்கம் அப்படி. எந்தக் கணிதமும் இந்தப் பூட்டைச் சரிசெய்யாது.

இந்தியாவில் 2021 செப்டம்பர் 27-இல் நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் 14 இலக்க எண் தரப்படுகிறது. குறிப்புகள் எழுதப்பட்ட இடத்திலேயே இருக்கும். சம்மதம் பெற்றுப் பரிமாறப்படும். அதற்குச் சங்கிலி வேண்டும் என்பவர்களிடம் நாங்கள் கேட்பது இது: நோயைச் சங்கிலியில் எழுதாதீர்கள். நோயேட்டைத் திறந்தவருடைய பெயரையும், நாளையும், காரணத்தையும் கைரேகையிட்டுச் சங்கிலியில் எழுதுங்கள். அழியக்கூடாதது அதுதான். அந்தச் சங்கிலியின் படிகள் அரசிடம் மட்டும் இருந்தால் அது வெறும் அலமாரி. மருத்துவக் கல்லூரிகளிடமும், நோயாளர் சங்கங்களிடமும், நீதித்துறையிடமும் ஒவ்வொரு படி இருக்கட்டும். காப்பீட்டு நிறுவனத்திடம் படியைக் கொடுக்கலாமா என்பதில் எங்கள் வகுப்பே இரண்டாகப் பிரிந்தது. கொடுக்கலாகாது என்ற கட்சிக்குப் பெரும்பான்மை கிடைத்தது.

இவ்வளவு பெரிய காரியத்தைப் பள்ளியில் எப்படித் தொடங்குவது என்று கேட்கலாம். ஆண்டுதோறும் எங்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. உயரம், எடை, இரத்தச் சோகை, கண் பார்வை, இன்னும் சில கேள்விகளுக்கான விடைகள் எல்லாம் ஒவ்வொருத்தியின் அட்டையிலும் எழுதப்படுகின்றன. அட்டையின் பின்பக்கம் வெறுமையாகவே இருக்கிறது. வரும் ஆண்டு முதல் அப்பக்கத்தில் மூன்று கட்டங்கள் கோடிட்டுத் தருமாறு வணக்கத்திற்குரிய மதர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்: அட்டையை எடுத்துப் பார்த்தவர் பெயர், தேதி, காரணம். கோடு கிழிக்கும் வேலையைப் பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவே செய்து தரும். அளவுகோலும் பேனாவும் எங்களிடம் உண்டு.